கோடியில் நின்று பாருங்கள்

தை மாதம் ஐந்தாம் நாள் எங்கள் ஊர்ப் பக்கம் ஆற்றுத் திருவிழா. கடலூருக்கு வடக்கே, தென்பெண்ணை கடலில் கலக்கும் தாழங்குடாவுக்குச் சற்று மேற்கே இருக்கிறது எங்கள் கிராமம். அன்றைக்குச் சுற்றுவட்டாரத்துச் சாமிகளெல்லாம் தோளேறி வந்து ஆற்று மணலில் இறங்கும். தீர்த்தவாரி முடிந்ததும் தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டு, சுருளிக் கிழங்கு வாங்கிக்கொண்டு வீடு திரும்புவோம். "இந்தத் தண்ணி எங்கேயிருந்துப்பா வருது?" என்று சிறுவயதில் கேட்டிருக்கிறேன். "மைசூர்ச் சீமையில ஏதோ மலையாம்" என்பார் அப்பா. அதற்கு மேல் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் அன்றைக்கு இருக்கவில்லை. தண்ணீர் வந்தது, அது போதும்.

அந்த மைசூர்ச் சீமையில்தான் இன்று நான் குடியிருக்கிறேன். பெங்களூருவின் தென்கிழக்கே, ஓசூர் சாலையில், எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் பொம்மசந்திராவுக்கும் இடையில் இருக்கிறது ஹெப்பகோடி. மருந்து நிறுவனங்கள், உதிரிபாகத் தொழிற்சாலைகள், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும் வாடகைக் குடியிருப்புகள், விடியற்காலையில் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கமிருந்து வந்து இறங்கும் தொழிலாளர்கள் என்று எந்நேரமும் விழித்திருக்கும் ஊர். 2025 ஆகஸ்ட்டில் மெட்ரோவின் மஞ்சள் தடம் ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை ஓடத் தொடங்கியது. 19 கிலோமீட்டர், 16 நிலையங்கள். அவற்றில் ஒன்று எங்கள் ஊருக்கும் கிடைத்தது.

எங்கள் ஊரில் ஓர் ஏரியும் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்வரை அதன் கரையில் நின்று மூச்சுவிட முடியாது. பிறகு பயோகான் அறக்கட்டளை அதைச் சீரமைக்கும் பொறுப்பை ஏற்றது. நீரில் நுண்ணுயிர் முறைச் சுத்திகரிப்பும் மிதக்கும் தாவரத் தீவுகளும் வந்தன. மண் இல்லாமல் மிதவையில் வளரும் செடிகளின் வேர்கள் நீருக்குள் தொங்கி, கழிவு கொண்டுவந்த நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் உணவாக உறிஞ்சிக்கொள்ளும். வேர்களில் குடியேறும் நுண்ணுயிர்கள் மீதிக் கழிவைச் சிதைக்கும். கரையில் நடைபாதை வந்தது. காலையில் மனிதர்கள் நடக்க வந்தார்கள். பறவைகளும் திரும்பின. நல்ல காரியம். மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனால், ஏரிகளைப் பற்றி நாம் பேசும் முறையில் ஒரு பெரிய பிழை இருக்கிறது. கரை எப்படி இருக்கிறது, வேலி போட்டாயிற்றா, நடைபாதை உண்டா, படகு விடலாமா என்று கேட்கிறோம். ஏரியிலிருந்து வெளியே போகும் தண்ணீர் எப்படி இருக்கிறது, அது யாருக்குப் போகிறது என்று கேட்பதில்லை. கன்னடத்தில் ஏரி நிரம்பி வழியும் இடத்துக்குக் ‘கோடி’ என்று பெயர். வட தமிழ்நாட்டிலும் அதே சொல்தான். "ஏரி கோடி போகுது" என்றால் ஊரே கரைக்கு ஓடும். ஹெப்பகோடி என்ற ஊர்ப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் அந்தக் கோடிதான் என் காதில் ஒலிக்கிறது. ஓர் ஏரியின் நலத்தைக் கரையில் நின்று அளக்கக் கூடாது. கோடியில் நின்று அளக்க வேண்டும்.

முதுகெலும்பின் இரு சரிவுகள்

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டின் முதுகெலும்பின் மேல் உட்கார்ந்திருக்கும் நகரம். மேற்குச் சரிவின் நீர் விருஷபாவதி வழியாக அர்க்காவதிக்கும், அங்கிருந்து காவிரிக்கும் போகிறது. கிழக்கு, தென்கிழக்குச் சரிவுகளின் நீர் தென்பெண்ணையை நாடுகிறது. பெரிய ஆறு எதுவும் ஓடாத இந்த மேட்டில் ஊர்கள் தழைத்ததற்குக் காரணம் ஏரிகள்தாம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் குறுக்கே ஒரு கரை கட்டினார்கள். மேல் ஏரியின் கோடி நீர் கீழ் ஏரியின் வரத்து நீரானது. இவற்றை இணைத்த கால்வாயை இங்கே ராஜகாலுவே என்கிறார்கள். ஆகராவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டே ஏரிக்கு மதகு அமைத்ததைப் பேசுகிறது.

இந்தத் தொடரைக் கட்டிக்காக்க ஊருக்கு ஊர் ஆள் இருந்தார். கன்னடத்தில் நீருகண்டி, நம் பக்கம் நீர்க்கட்டி. எந்த மதகை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு விடுவது என்பதெல்லாம் அவர் கையில். கீழ் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற அச்சம் மேல் ஊர் நீர்க்கட்டிக்கு உண்டு. இன்றைக்குக் கோடியில் எது வழிந்தாலும் யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இந்த மேட்டின் இன்றைய நீர்க்கணக்கு வியப்பானது. காவிரியிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 145 கோடி லிட்டர் நீரைப் பல கட்டங்களாக மேலேற்றிப் பெங்களூருவுக்குக் கொண்டுவந்தார்கள். 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கி, மேலும் 77.5 கோடி லிட்டருக்கு வழி செய்தது. அப்படி ஏறி வரும் காவிரி வீடுகளின் சமையலறையையும் குளியலறையையும் கடந்ததும், அதில் கணிசமான பகுதி கிழக்குச் சரிவில் இறங்கிவிடுகிறது. காவிரியாக ஏறிய நீர் பெண்ணையாக இறங்குகிறது. கோடையிலும் வற்றாமல் பெண்ணையின் தலைப்பகுதியில் நீர் ஓடுவதன் ரகசியம் இதுதான்.

ஹெப்பகோடி நகரசபைப் பகுதியில் எங்களில் பெரும்பாலோருக்கு ஆழ்துளைக் கிணறும் டேங்கரும்தான் கதி. 2024 மார்ச்சில் நகரின் சுமார் 13,900 அரசு ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வற்றிப்போனதாக மாநில அரசே சொன்னது. அந்தக் கோடையில் எங்கள் தெருவில் டேங்கர் வந்தால்தான் அடுப்பெரியும் என்ற நிலை. அவ்வளவு அருமையாகக் கிடைத்த தண்ணீரைக் குளித்துத் துவைத்து வெளியே விட்டபின் அது எங்கே போகிறது என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பொங்கலுக்கு ஒரு பயணம்

இந்த முறை பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பியபோது, நெடுஞ்சாலையைப் பிடித்து ஒரே ஓட்டமாகப் போகாமல், தண்ணீர் போகும் வழியிலேயே போவது என்று முடிவெடுத்தோம். மகள் பத்தாம் வகுப்பு. அவளுடைய புவியியல் பாடத்துக்கும் ஆகும் என்று மனைவி சொன்னாள்.

முதலில் சந்தாபுரா. ஹெப்பகோடியிலிருந்து எட்டிப் பிடிக்கும் தூரம். பொம்மசந்திரா, ஜிகணி தொழிற்பேட்டைகளின் நிழலில் கிடக்கும் இந்த ஏரியின் நிலையைப் பற்றி வந்த செய்தியை வைத்து, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கெடுத்தது. 2022 அக்டோபரில் கர்நாடக அரசுக்கு 500 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. ஒரு நடுத்தர ஏரியின் பெயரோடு இவ்வளவு பெரிய தொகை சேர்ந்தது நாட்டையே திரும்பிப் பார்க்கவைத்தது. ஆனேக்கல் வட்டத்தின் இந்தப் பகுதியில் ஏரிகள் முத்தநல்லூர்ப் பக்கமாக ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்குகின்றன. மேலே விட்ட கழிவு ஒரே ஏரியோடு நிற்பதில்லை. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் கொஞ்சம் வண்டலாகப் படிந்து, மீதி கீழே போகிறது.

வடக்கே இதே கதையின் பெரிய வடிவம் பெல்லந்தூர். சுமார் 900 ஏக்கர் ஏரி. நகரத்தின் கழிவுநீரை ஆண்டுக்கணக்கில் வாங்கி வாங்கி, 2015-லிருந்து அடுத்தடுத்துத் தீப்பிடித்தது. 2018 ஜனவரியில் ராணுவ வீரர்கள் ஆயிரக்கணக்கில் இறங்கித் தீயை அணைக்க வேண்டியிருந்தது. பெல்லந்தூரின் நீர் வர்த்தூர் ஏரிக்கும், வர்த்தூரின் நீர் தென்பெண்ணைக்கும் போகிறது.

இந்த ஏரிகளின் கோடிகளில் பொங்கி, உலகம் முழுவதும் பேசப்பட்ட வெள்ளை நுரையின் அறிவியல் எளிதானது. சலவைத்தூளிலும் சோப்பிலும் உள்ள வேதிப்பொருள்கள் நீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைக்கின்றன. ஏரிக்குள் நீர் அசையாமல் கிடக்கும்வரை அவை கண்ணுக்குத் தெரியாது. கோடியில் விழும்போது காற்று கலக்கிறது. உடனே நுரை பொங்குகிறது. ஏரி தன் வயிற்றில் இருப்பதைக் கரையில் காட்டுவதில்லை, கோடியில் காட்டுகிறது. நான் மேலே சொன்ன அளவுகோலை இயற்கையே வைத்திருக்கிறது.

எல்லை தாண்டிய நுரை

தென்பெண்ணை தமிழ்நாட்டுக்குள் நுழைவது ஓசூருக்கு வடக்கே கொடியாளத்தில். சற்றுக் கீழே கெலவரப்பள்ளி அணை. 44.28 அடி உயரம். சுமார் 8,000 ஏக்கர் பாசனம். சுற்றிலும் மலைக்குன்றுகள், ரோஜாத் தோட்டங்கள், காய்கறி வயல்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஓவியம்போல் இருக்கும். பக்கத்தில் போனதும் மகள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். மதகிலிருந்து நீர் பாயும் இடத்தில் நுரை, பஞ்சுப் பொதி அவிழ்ந்ததுபோல் ஒதுங்கிக்கொண்டிருந்தது. மழைக்காலங்களில் இந்த நுரை மனித உயரத்துக்கு எழுந்து பாலத்தையே மூடும் படங்களை ஆண்டுதோறும் செய்தித்தாள்களில் பார்க்கிறோம். கரையோரத்தில் பேசிக்கொண்டிருந்த ஒரு விவசாயி, "எங்கேயிருந்து வர்றீங்க?" என்று கேட்டார். "ஹெப்பகோடி" என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. "பெங்களூர்" என்றேன். அது இன்னும் பெரிய பதில் என்பது சொன்னபின்தான் உறைத்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. "இந்தத் தண்ணியிலதான் முட்டைக்கோஸ் போடறோம். அந்த முட்டைக்கோஸ் உங்க ஊருக்குத்தான் வருது" என்றார்.

அவர் சொன்னதைவிடத் தெளிவாக இந்த விஷயத்தை எந்த அறிக்கையும் எனக்கு விளக்கியதில்லை.

கெலவரப்பள்ளியைத் தாண்டினால் கிருஷ்ணகிரி அணை. காமராஜர் முதல்வராக இருந்த 1950-களில் எழுந்தது. 52 அடி உயரம். 9,012 ஏக்கர் பாசனம். பிறகு ஆறு மலைகளுக்குள் புகுந்து சாத்தனூரை அடைகிறது. 119 அடி உயரமும் ஏழு டிஎம்சிக்கு மேல் கொள்ளளவும் கொண்ட இந்த அணையும் அதே பத்தாண்டின் சாதனை. நந்திமலைப் பக்கம் இந்த ஆறு பிறக்கும் குன்றுக்குச் சென்னகேசவ மலை என்று பெயர். சாத்தனூர் அணையைச் சூழ்ந்திருக்கும் மலைகளுக்கும் சென்னகேசவ மலை என்றே பெயர். பிறந்த இடத்திலும் தேங்கும் இடத்திலும் ஒரே பெயர். இந்த ஆற்றை ஒன்றாகவே பார்க்க வேண்டும் என்று பெயர் வைத்தவர்கள் சொல்லிவிட்டுப் போனதாகவே எனக்குத் தோன்றியது.

சாத்தனூருக்குக் கீழே ஆறு விரிந்து மணலாகிறது. திருக்கோவிலூரில் ஆற்றுக்குள்ளேயே கபிலர் குன்று. அதைத் தாண்டி விழுப்புரம், கடலூர்ச் சமவெளி. அங்கே ஆற்றின் நினைவு இப்போது 2024 டிசம்பரோடு கட்டுண்டிருக்கிறது. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பின்னும் விலகாமல் உள்மாவட்டங்களின் மேல் நின்றது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூரிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. எங்கள் கிராமத்தில் அம்மா மாடியில் இரண்டு நாள் இருந்தார். தெருவில் நின்ற நீர் வடிய ஒரு வாரமானது. வீட்டுக்குள் படிந்த சேற்றின் வாடை மாசி வரை போகவில்லை.

அந்த வெள்ளம் பெங்களூருவிலிருந்து வந்ததல்ல. ஆற்றின் நடுப்பகுதியில் கொட்டிய மழை அது. ஆனால், அது ஒரு பாடத்தைச் சொன்னது. நடு இரவில் மேலே திறக்கப்படும் ஷட்டர், விடியும்போது கீழே இருப்பவரின் அடுப்படியில் நிற்கிறது. மேலிருப்பவருக்குத் தெரிவது கீழிருப்பவருக்கு எத்தனை மணி நேரம் முன்னதாகத் தெரிகிறது என்பதில் உயிர் இருக்கிறது. வெள்ளத்துக்கு மட்டுமல்லாமல் கழிவுக்கும் இது பொருந்தும். வெள்ளம் ஓர் இரவில் சொல்வதைக் கழிவு ஆண்டுக்கணக்கில் மெல்லச் சொல்கிறது.

டிஎம்சியை மட்டும் எண்ணினால் போதுமா?

தென்பெண்ணை அந்தக் காலத்திலிருந்தே ஒப்பந்தத்துக்குள் இருக்கும் ஆறு. சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் 1892-இல் செய்துகொண்ட உடன்பாட்டில் அதன் பெயர் உண்டு. அதன் துணையாறான மார்க்கண்டேய நதியின் குறுக்கே யர்கோளில் கர்நாடகம் அணை கட்டியதை எதிர்த்துத் தமிழ்நாடு 2018-இல் உச்ச நீதிமன்றம் சென்றது. கீழ்மடை உரிமைக்காக வாதாடுவது முழுக்க நியாயம். ஆனால், நம் பேச்சில் எத்தனை டிஎம்சி வருகிறது என்பதுதான் எப்போதும் நிற்கிறது. வருவது எப்படிப்பட்ட நீர் என்ற கேள்வி ஓரத்தில் நிற்கிறது. நுரை பொங்கும் ஒரு டிஎம்சி, நல்ல நீர் ஒரு டிஎம்சிக்கு ஈடாகுமா?

கர்நாடகத்தின் தரப்பில் இருக்கும் நியாயத்தையும் கேட்க வேண்டும். கழிவுநீரைச் சுத்திகரித்தால் அது செல்வம் என்று அங்கேயே கண்டிருக்கிறார்கள். 2018 ஜூனில் தொடங்கிய கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டம், சுத்திகரித்த நீரை நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் வரை குழாய் வழியாகக் கோலார் மாவட்டத்தின் வறண்ட ஏரிகளுக்கு அனுப்புவதற்கானது. வற்றிப்போன கிணறுகளில் நீர் ஊறியதாக அந்த ஊர்க்காரர்கள் மகிழ்ந்தார்கள். இரண்டாம் கட்டச் சுத்திகரிப்பு மட்டும் போதாது, மூன்றாம் கட்டமும் வேண்டும் என்று வேறு சிலர் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். இரு தரப்பும் ஒன்றைத்தான் கேட்கின்றன: நீரைக் கொடு, நல்ல நீராகக் கொடு. கோலார் விவசாயி கேட்பதைத்தான் கெலவரப்பள்ளி விவசாயியும் கேட்கிறார். நடுவில் இருக்கும் மாநில எல்லை அந்தக் கோரிக்கையை மாற்றிவிடாது.

தமிழ்நாடும் தன் கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓசூர் இன்று வேகமாக வளரும் தொழில் நகரம். அதன் கழிவு பெண்ணைக்குப் போகாமல் இருக்க நாம் என்ன செய்திருக்கிறோம்? கடலூர் சிப்காட்டின் வேதித் தொழிற்சாலைகளோடு வாழும் ஊர்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவரும் துயரத்தை யார் கேட்டார்கள்? மேல்மடைக்காரரைச் சாடும் உரிமை, கீழ்மடையில் நாம் நடந்துகொள்ளும் முறையிலிருந்துதான் வர வேண்டும்.

செய்ய வேண்டியவை

முதலாவது, ஒவ்வோர் ஏரியின் கோடியிலும் அணையின் மதகிலும் ஓர் அளவீடு வேண்டும். கரைந்திருக்கும் ஆக்சிஜன், கழிவின் அளவு, பாஸ்பேட், கன உலோகங்கள் ஆகியவற்றை மாதந்தோறும் அளந்து, அங்கேயே ஒரு பலகையில் ஊர் மொழியில் எழுதி வைக்க வேண்டும். ஏரியைச் சீரமைத்தோம் என்று அறிவிக்கும் எந்த அரசுத் துறைக்கும் தனியார் நிறுவனத்துக்கும் கரையின் புகைப்படத்துக்குப் பதிலாக இந்த எண்களே சான்றாக வேண்டும்.

இரண்டாவது, கொடியாளத்தில் இரு மாநிலங்களும் சேர்ந்து நீரின் தரத்தை நாள்தோறும் அளந்து கன்னடத்திலும் தமிழிலும் வெளியிட வேண்டும். தனித்தனியே அளந்து ஒருவரையொருவர் மறுப்பதால் விவசாயிக்குப் பயனில்லை.

மூன்றாவது, ஹெப்பகோடி போன்ற புறநகர்ச் சிற்றூர்களுக்கு முன்னுரிமை. மெட்ரோ வருகிறது, அபார்ட்மென்ட் வருகிறது, பாதாளச் சாக்கடை மட்டும் கடைசியில் வருகிறது. மிதக்கும் தீவு ஏரிக்குள் இருக்கும் கழிவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். தினமும் புதிதாக வந்து விழும் கழிவை வாசலிலேயே மறிக்கும் வேலை நகராட்சியுடையது. கழிவுநீருக்கு வழி காட்டாமல் எந்தக் குடியிருப்புக்கும் அனுமதி தரக் கூடாது.

நான்காவது, இந்த ஏரித் தொடரை நாம் நடந்து பார்க்க வேண்டும். பெங்களூருவிலிருந்து வார இறுதியில் நந்திமலைக்கும் சாத்தனூருக்கும் போய்ப் படம் எடுக்கும் ஆயிரக்கணக்கானோர் இருக்கிறார்கள். அதே அணையின் நீர் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போகும் பயணமாக அதை மாற்றலாம். ஹெப்பகோடிப் பள்ளிப் பிள்ளைகளைக் கெலவரப்பள்ளிக்கும், கடலூர்ப் பள்ளிப் பிள்ளைகளைச் சந்தாபுராவுக்கும் ஒரு நாள் அழைத்துப் போகலாம். யாருடைய தண்ணீரை யார் குடிக்கிறார்கள் என்பதைப் பாடப்புத்தகம் ஒரு வரியில் சொல்லிவிடும். கோடியில் நிற்கும்போதுதான் அது மனதில் ஏறும்.

தை ஐந்தாம் நாள் நாங்கள் ஆற்றங்கரையில் இருந்தோம். சாமிகள் வந்தன. மேளம், கிழங்குக் கடைகள், மணலில் ஓடும் பிள்ளைகள், எல்லாம் பழையபடியே. 900 மீட்டர் உயரத்திலிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல் இறங்கி வந்த நீர், கடலுக்குச் சற்று முன்னால் எங்கள் காலடியில் அமைதியாகக் கிடந்தது. தீர்த்தவாரி முடிந்ததும் எல்லோரும் குனிந்து அள்ளினார்கள். நானும் குனிந்து இரு கைகளாலும் அள்ளினேன். எங்கள் வீட்டுக் கழிநீர்க் குழாய் நினைவுக்கு வந்தது. தலைக்கு உயர்ந்த கை ஒரு கணம் அப்படியே நின்றது. பக்கத்தில் அம்மா கண்ணை மூடிக்கொண்டு தெளித்துக்கொண்டார்.